துப்பாக்கி 2 வருடம், உளி 50 வருடம்: ஒரு தோட்டத்துத் தாத்தாவின் கணக்கு

(ஈப்போவில் தமிழ்க் குடும்பங்களின் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் உரிமையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு தச்சரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர். 1922-இல் சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 2011-இல் ஈப்போ புந்தோங்கில் கண்மூடியவர். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்த இடத்தில் உங்கள் தாத்தா பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். பேராக் மாநிலத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இந்தக் கதை பொருந்தும்.

ஏன் ஒரு தச்சர்? உரிமை கேட்கும்போதெல்லாம் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி வருகிறது: "நீங்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" அந்தக் கேள்விக்கு மேடையில் ஆவேசமாகப் பதில் சொல்லலாம், கைதட்டும் வாங்கலாம். ஆனால் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

பால்மரக் காலம்

தாத்தாவின் அப்பா கங்காணியோடு கப்பல் ஏறி வந்தவர். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. அதன் பிறகு கங்காணி முறைதான் நம்மவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் நம்மில் ஒரு தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. தாத்தா அந்தத் தலைமுறை. அவருக்கு ஊர் என்றால் லயம், பிரட்டுக் களம், மாரியம்மன் கோயில், ஆற்றங்கரை, அவ்வளவுதான். தமிழ்நாட்டை அவர் சாகும்வரை பார்த்ததில்லை.

15 வயதில் உளி பிடித்தார். நம் தோட்டத்து மக்களுக்குத் தெரியும், மரம் வெட்டுகிற கத்தியையும் உளி என்றுதான் சொல்வோம். விடியுமுன் பிரட்டு, பிறகு தீம்பார், மங்கு கழுவுதல், காண்டா வாளியில் பால் சுமத்தல், ஸ்டோரில் எடை போடுதல். கிராணி எழுதியதுதான் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத தன் அப்பாவுக்காக அந்தக் கணக்கைச் சரிபார்க்க, தோட்டத்துப் பள்ளியில் 4 வருடம் படித்த தாத்தாதான் போய் நிற்பாராம். அவருக்கு வந்த முதல் கெட்ட பெயர் அதனால்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஜப்பான்காரன் வந்தான்

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தார்கள். துரைமார்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். தொழிலாளியை எந்தக் காரிலும் ஏற்றவில்லை. ரப்பர் வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. கையில் வாழைமர நோட்டு மட்டும் நிறைய இருந்தது.

பிறகு சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நல்ல சம்பளம், 3 மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். சொல்லியும் வராதவர்களை லாரியில் அள்ளிப் போட்டார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கும் மேல் என்பது வரலாற்று ஆசிரியர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, சீழ்ப்பிடித்த புண், பட்டினி. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனவர் லாரியில் ஏற்றப்பட்டார். வீட்டுக்கு வந்தது செய்தி மட்டும்தான், அதுவும் இரண்டு வருடம் கழித்து, பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வாயால்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. அதை நான் குறை சொல்லவில்லை, இறந்தவனுக்கு மரியாதை செய்ய வேண்டியதுதான். ஆனால் நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. படையில் இருந்தவனின் பெயர் படையின் பதிவேட்டில் இருந்தது. கூலியாகப் போனவன் எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. 2023-இல்தான் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நின்றது. 80 வருடம் ஆகிவிட்டது. இறந்தவர்களின் மனைவிமார்கள் யாரும் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

துப்பாக்கி பிடித்த 2 வருடம்

அண்ணன் போன பிறகு தாத்தாவுக்கு இரண்டு வழிதான். ஒன்று, அடுத்த லாரி. மற்றொன்று, இந்திய தேசிய இராணுவம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார். அதுவரை பெரும்பாலும் போர்க் கைதிகளாக இருந்த இந்தியச் சிப்பாய்களின் படையாக இருந்தது, அதன் பிறகு மலாயாத் தமிழர்களின் படையாகவும் ஆனது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். நம் ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன், 16 வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்தான்.

இந்தியாவின் விடுதலைக்காகச் சேர்ந்தாரா, சயாமிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தாரா என்று தாத்தாவைக் கேட்டால், "ரெண்டும்தான்" என்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்ட ஒரு கூலிக்காரன் மகன், முதல் முறையாகச் சீருடை போட்டு நிமிர்ந்து நின்றான். அந்த நிமிர்வு அவர் முதுகிலேயே தங்கிவிட்டது. 85 வயதிலும் அவர் கூன் விழாமல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியில் கட்டளைகள் இந்துஸ்தானியில். பாதி புரியாது, பக்கத்து ஆள் திரும்பும் பக்கம் திரும்புவாராம். ரங்கூன் வரை போனார். அதற்குள் இம்பால் போர் முடிந்து, படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. சண்டையைவிட மழையும் மலேரியாவும்தான் அதிகம் கொன்றன என்பார். 1945 மே மாதம் ரங்கூன் ஆங்கிலேயர் வசமானபோது பிடிபட்டார். 1946-இல் ஊர் திரும்பினார். கையில் ஒரு அலுமினியக் குவளை இருந்தது, காலில் செருப்பில்லை.

இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. தாத்தா அதைத் தோட்டத்து லயத்தில் கொண்டாடினார்.

50 வருடம் பிடித்த உளி

பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் படையோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

திரும்பி வந்தவர் மறுபடியும் பால்மரத்துக்குப் போகவில்லை. ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்தார். முதல் வருடம் பலகை தூக்குவதும் மரத்தூள் கூட்டுவதும்தான் வேலை. தவுக்கே கான்டனீஸில் பேசுவார், தாத்தா தமிழில் யோசிப்பார், அளவு மட்டும் இருவருக்கும் ஒன்று. கடைசிவரை அவர் எண்ணுவது "யாட், யீ, சாம்" என்றுதான். பேரப்பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்குப் போகுமுன்பே அந்த மொழியில் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டோம்.

இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம் என்று அவர் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். செங்கால் மரத்தில் வாசற்கால், மெரந்தியில் சன்னல், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, கோயில் சப்பரத்துக்குப் புதுச் சக்கரம். யாராவது இறந்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி செய்து கொடுப்பார், அதற்குக் காசு வாங்கமாட்டார். ஈப்போவில் இன்றும் நிற்கிற பழைய கடைவீடுகள் சிலவற்றின் படிக்கட்டு அவர் கைவேலை. அதில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

இன்னொன்றையும் அவர் பார்த்தார். 1980-களுக்குப் பிறகு, பால் வற்றிய ரப்பர் மரத்தையே பலகையாக்கி நாற்காலி, மேசை செய்து ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். முதல் முறை அந்தப் பலகையைக் கையில் வாங்கியபோது முகர்ந்து பார்த்தாராம். "15 வயசில இதுக்குத் தோல் சீவினேன், இப்ப எலும்பையும் சீவறேன்" என்றார்.

முள்வேலிக்குள் குடும்பம்

1947-இல் கல்யாணம். பாட்டி தோட்டத்தில் மரம் வெட்டினார், தாத்தா வாரம் முழுக்க ஈப்போப் பட்டறையில் படுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருவார். அடுத்த வருடமே, 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார்கள் 3 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு தோட்டம் எல்பில். அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை, 12 வருடம் நீடித்தது. தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் சோறு கொண்டு போகக் கூடாது. பாட்டி வெறும் வயிற்றோடு 300 மரத்துக்கு மேல் வெட்டிவிட்டு வந்துதான் சாப்பிடுவார். அப்போது அம்மாவின் அக்கா கைக்குழந்தை, ஆயாக்கொட்டகையில் கிடக்கும்.

இந்த நிலையில் தாத்தா என்ன செய்தார்? பெரிய வீரம் ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை அப்படியே பாட்டி கையில் கொடுத்தார். கள்ளுக்கடை இருந்த வழியில் வராமல், கோயில் பக்கமாகச் சுற்றி வந்தார். பட்டறையில் மிஞ்சிய துண்டுப் பலகைகளைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்கி வந்து, லயத்து வீட்டுக்குள் ஒரு மேசை செய்தார். கட்டில் இல்லாத வீடு அது, எல்லாரும் தரையில் படுத்தார்கள். ஆனால் படிக்க மேசை இருந்தது. அந்த மேசையில் 5 பிள்ளைகள் படித்தார்கள். பெரியம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனார். ஒரு மாமா மின்வேலை கற்றார், ஒரு மாமா லாரி ஓட்டினார். சின்னம்மா தாதி. என் அம்மா தொழிற்சாலைக்குப் போனார்.

மகள்களைப் படிக்க வைக்கிறாயே என்று லயத்தில் கேலி செய்தவர்கள் உண்டு. "மரத்துக்கு ஆண் மரம் பெண் மரம்னு கூலி மாறுதா?" என்பது அவர் பதில்.

1950-களிலிருந்தே பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். தொழிலாளிகள் 10, 10 வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். பாட்டியும் கட்டினார். ஆனால் எங்கள் தோட்டத்தை வேறு ஆள் வாங்கிவிட்டார். 1962-இல் லயத்தைக் காலி செய்து, சாமான்களை ஒரே லாரியில் ஏற்றி, குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. லாரியில் முதலில் ஏறியது அந்த மேசை.

சிவப்பு அட்டை

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள், இது பலர் வீட்டுப் பிரச்சினை.

1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. முதல் ஒரு வருடத்துக்கு மலாய் மொழித் தேர்விலிருந்தும் விலக்கு. நகரத்தில் இருந்தவர்களுக்குச் சங்கங்கள் சொல்லின, பலர் பதிந்தார்கள். தோட்டத்தில் எத்தனை பேருக்குச் சொன்னார்கள்? அந்த வருடம் முழுக்க தாத்தா வேலை செய்தார், வரி கட்டினார், ஊர்க் கோயிலுக்கு வாசல் செய்தார். படிவம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சீட்டு கிடைக்காமல் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள். பிறந்த மண்ணை விட்டு, பார்த்தே இராத ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். தவுக்கே தாத்தாவை வைத்துக்கொள்ளப் பயந்தார். 20 வருடத்துக்கு மேல் கூட வேலை செய்தவரை, அழுதுகொண்டேதான் அனுப்பினார், பழைய ரம்பம் ஒன்றைக் கையில் கொடுத்து. தாத்தா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார்.

அதற்குப் பிறகு குடியுரிமைக்கு எத்தனை முறை அலைந்தார்! பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவருக்குப் பத்திரம் ஏது? தோட்டத்து ஆபீஸில் ஏடு இருக்கும் என்றார்கள். தோட்டம் விற்றபோது ஏடும் போய்விட்டது. மலாயில் கேள்வி கேட்டார்கள். கடைத்தெரு மலாய் அவருக்கு நன்றாகவே வரும், ஆனால் அதிகாரி கேட்ட ஏட்டு மலாய்க்குப் பதில் வரவில்லை. மறுபடியும் வா என்றார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே நிமிர்ந்த முதுகோடு போவார். சிவப்பு அட்டையோடு திரும்பி வருவார்.

89 வயது வரை அந்தச் சிவப்பு அட்டைதான். இந்தியாவுக்காகத் துப்பாக்கி பிடித்தார், அவர் இந்தியக் குடிமகன் இல்லை. மலேசியாவில் பிறந்து, மலேசியாவில் வீடு கட்டி, மலேசியப் பிள்ளைகளைப் பெற்றார், அவர் மலேசியக் குடிமகனும் இல்லை. தேர்தல் நாளில் பிள்ளைகளை ஓட்டுப் போட அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

2018-இல், 60 வயதைத் தாண்டிய, சிவப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அரசாங்கம் அறிவித்தது. தாத்தா போய் 7 வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அம்மா பேப்பரை மடித்து வைத்தார், ஒன்றும் பேசவில்லை.

இது முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் குடியுரிமைச் சட்டத்திருத்தம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் நிரந்தர வசிப்பாளருக்கு, அதாவது சிவப்பு அட்டைக்காரருக்கு, இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை வரும் என்ற பழைய வழியை அதே திருத்தம் அடைக்கிறது. பெற்றோர் இருவரும் சிவப்பு அட்டையாக இருக்கும் வீடு இருந்தால், இன்றே போய்ச் சட்டம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். 1957-இல் தள்ளியதற்கு 54 வருடம் விலை கொடுத்த குடும்பம் சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியது

உறவுகளே, உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியங்கள்தான். பணம் வேண்டாம், கொடி வேண்டாம்.

முதலாவது, காகிதம். பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், கோயில் வரி ரசீது, பழைய அடையாள அட்டை, கல்யாணப் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். பிறப்பை நிரூபிக்க ஒருநாள் அந்த ரசீது உதவும்.

இரண்டாவது, பெயர். சயாமுக்குப் போனவர், படையில் இருந்தவர், முள்வேலிக்குள் பிள்ளை பெற்றவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், முழுப்பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 1943-இல் 20 வயதாக இருந்தவருக்கு இன்று 100-க்கு மேல். அவர்களில் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்கு 70, 80 வயது. அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள், குரலைப் பதிவு செய்யுங்கள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு முன்னால் போர் நினைவுத்தூண் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம் வீட்டிலும் ஒருவர் இருந்தார் என்று.

மூன்றாவது, தொழில். தச்சர், கொத்தனார், மெக்கானிக், முடிதிருத்துபவர், சாலை போட்டவர், ரயிலில் வேலை பார்த்தவர், கச்சான் வறுத்து விற்றவர், இவர்கள் எந்தக் கட்டடத்தை, எந்தச் சாலையை, எந்தப் பள்ளியை உண்டாக்கினார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். நாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், இந்தப் படிக்கட்டு, இந்த வாசற்கால், இந்த பெஞ்சு என்று தொட்டுக் காட்ட நமக்குத் தெரிய வேண்டும்.

தாத்தா யாரையும் வெறுத்துப் பேசியதில்லை. தொழில் கொடுத்த சீனத் தவுக்கேயை உயிரோடு இருந்தவரை சீனப் பெருநாளுக்குப் போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன்தான் அவர் பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர். நாம் கேட்பது யாருடைய பங்கையும் பறிப்பதற்கு இல்லை. உழைத்து, பிள்ளை வளர்த்து, இந்த மண்ணிலேயே சாம்பலானவரை இந்த மண்ணின் ஏட்டில் எழுதச் சொல்கிறோம்.

எழுத மறுத்தால் தொடர்ந்து கேட்போம். கேட்டுக்கொண்டே, நம் பங்குக்கு நாமும் எழுதுவோம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும், சாப்பிட்ட பிறகு, ஒரு தாளை எடுங்கள். முதல் வரியில் அவர் பெயரை எழுதுங்கள்.